கூப்பிடத் தகுந்த பெயர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இப்பகுதியில் ஒரு வாசகிக்கு எழுதிய பதிலில், ஆண் குழந்தைகளுக்கு வழக்கில் இல்லாத பெயரைத் தேடி வைப்பது பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டிக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றுள் ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டு, இம்முறை பகுதி முழுவதையும் பெயருக்கே ஒதுக்குகிறேன்.

திருமணமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பின் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பள்ளியிலோ ஊரிலோ யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்பது என் கணவரின் விருப்பம். கைப்பேசிச் செயலிகளிலும் இணையப் பட்டியல்களிலும் தேடி ஏறத்தாழ நூறு பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒன்றும் மனத்தில் ஒட்டவில்லை. பெயர் சூட்டும் விழாவுக்குப் பதினெட்டு நாள்களே உள்ளன. எப்படித் தேர்ந்தெடுப்பது அம்மா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

உங்கள் கணவரின் விருப்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியையாக நாள்தோறும் வருகைப் பதிவேட்டை வாசித்தவள் நான். பணியில் சேர்ந்த காலத்தில் ஒரே வகுப்பில் நான்கு செந்தில்குமார்களும் மூன்று சரவணன்களும் இருப்பார்கள்; அவர்களைப் பிரித்தறிவதற்காகத் தலைப்பெழுத்தைச் சேர்த்தோ, 'நெட்டைச் செந்தில்', 'கடைக்காரர் வீட்டுச் செந்தில்' என்றோ அழைப்போம். தன் பெயர் தனக்கே உரியதாக இல்லையே என்ற ஏக்கத்தை அந்தப் பிள்ளைகளின் முகத்தில் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள்தாம் இன்று பெற்றோராகி, தம் மகனுக்காவது தனிப்பெயர் வேண்டும் என்று தேடுகிறார்கள். இந்தத் தேடலில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அதே பதிவேட்டில் வேறொன்றையும் கண்டேன். ரித்விக், ருத்விக், ரித்திக், ஹிருத்திக் என்று அடுத்தடுத்து நான்கு பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் அது யாருக்கும் இல்லாத பெயர் என்று நம்பியே வைத்திருப்பார்கள். நான் ஒருவனை அழைத்தால் மூவர் எழுந்து நிற்பார்கள். எல்லோரும் அதே பட்டியல்களில் தேடினால் எல்லோர் கையிலும் ஒரே ஓசைதானே அகப்படும்? உங்கள் நூறு பெயர்களும் மனத்தில் ஒட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பழைய இலக்கண உரைகளைப் புரட்டினால் எடுத்துக்காட்டுத் தொடர்களில் திரும்பத் திரும்ப இரண்டு பெயர்கள் வரும்: சாத்தன், கொற்றன். 'சாத்தன் வந்தான்', 'கொற்றன் மகன்' என்று உரையாசிரியர்கள் எழுதியது, நாம் 'ராமு வந்தான்' என்று எழுதுவது போன்றதுதான். அவ்வளவு பொதுவாக இருந்த அந்தப் பெயர்களோடு இன்று உங்கள் தெருவில் ஒருவரைக் காட்ட முடியுமா? சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. பானையில் பெயர் எழுதி வைத்த சாதாரண வீட்டுக்காரர்களின் பெயர்கள் இவை. எனவே அரிய பெயர் வேண்டும் என்பதற்காகப் புதிதாக ஒலிகளைக் கோக்க வேண்டியதில்லை. நம்மவர்கள் வைத்து, அழைத்து, பழகி, பிறகு கைவிட்ட பெயர்களே ஏராளமாகக் கிடக்கின்றன.

தேர்ந்தெடுக்கும் முறையைக் கேட்டீர்கள். பொருள் என்ன, எண் என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தெருமுனையில் விளையாடும் பையனைச் சாப்பிட அழைப்பதுபோல அந்தப் பெயரைக் கூவிப் பாருங்கள். பெயர் எழுதுவதற்காகப் பிறந்ததன்று, கூப்பிடுவதற்காகப் பிறந்தது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் 'விளிமரபு' என்று ஓர் இயலையே இதற்கென ஒதுக்கியிருக்கிறார். கண்ணன் என்ற பெயர் அழைக்கும்போது கண்ணா என்றாகும். பாரி என்பது பாரீ என்று நீளும். மெய்யெழுத்தில் முடியும் பெயர்களில் ன், ர், ல், ள் என்னும் நான்கில் முடிபவை மட்டுமே விளி ஏற்கும் என்றும் அவர் வகுத்துள்ளார். ரித்விக் என்பதைத் தெருமுனைவரை நீட்டி அழைக்க முயன்று பாருங்கள்; க் என்ற ஒலி குரலை அடைத்துவிடும். அதனால்தான் அத்தகைய பெயருடைய பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் 'ரித்து' ஆகிவிடுகிறார்கள். ஆயிரம் பேரை விருந்துக்கு அழைத்துச் சூட்டிய பெயர் சான்றிதழில் உறங்க, வேறொரு பெயர் வீட்டில் புழங்குகிறது.

அடுத்து, பட்டியல்களில் பெயருக்கு எதிரே போட்டிருக்கும் பொருளை அப்படியே நம்பாதீர்கள். 'சிவபெருமான்', 'சூரியனின் முதல் கதிர்', 'வெற்றியாளன்' என்று எதற்கும் ஒரு பொருள் எழுதியிருப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இன்று இணையத்திலேயே தேடிப் பார்க்கக் கிடைக்கிறது. வடமொழிப் பெயரானால் வடமொழி அகராதியில் பாருங்கள். எந்த அகராதியிலும் இல்லாத பெயர் என்றால், நாளை உங்கள் மகன் "என் பெயருக்கு என்னப்பா பொருள்?" என்று கேட்கும்போது நீங்கள் சொல்லப்போவது வேறு யாரோ கற்பித்த விடையாகத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சில பெயர்களைச் சொல்ல ஆசைப்படுகிறேன். குமணன்: நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்தபோதும், பாடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல், தன் தலையைக் கொண்டுபோய்ப் பரிசு பெறட்டும் என்று வாளை நீட்டியவன். திண்ணன்: கண்ணப்ப நாயனாருக்குப் பெற்றோர் இட்ட பெயர், கையில் ஏந்தியபோது திண்ணென்று கனத்ததால் தந்தை நாகன் அப்படி அழைத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பிள்ளையின் உடலைக் கையில் உணர்ந்து வைத்த பெயர் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. சேந்தன்: செந்நிறத்தவன், முருகன். அதியன், வழுதி, செம்பியன் ஆகியவையும் கூப்பிட இனியவை. இவற்றுள் எதுவும் பிடிக்காவிட்டால் செந்தில் என்றே வையுங்கள். உங்கள் மகன் சேரப்போகும் வகுப்பில் அதுவே அரிய பெயராக இருக்க வாய்ப்பு உண்டு.

என் மகனுக்கு எழினி என்று பெயர் வைத்தேன். அதியமானின் மகன் பெயர் என்று படித்திருக்கிறேன். உறவினர்கள் எல்லோரும் "பெண் பிள்ளையா?" என்று கேட்கிறார்கள். என் மாமனார் மாற்றச் சொல்லி வற்புறுத்துகிறார். நான் தவறு செய்துவிட்டேனா?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

நீங்கள் தவறேதும் செய்யவில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி; ஔவையார் பாடிய வீரன் அவன். இகரத்தில் முடிந்தால் பெண் பெயர் என்ற எண்ணம் மோகினி, பவானி, யாழினி போன்ற பெயர்களைக் கேட்டுக் கேட்டு நம் காதில் படிந்தது. சங்க காலத்து ஆடவர் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: பாரி, ஓரி, காரி, நள்ளி, கிள்ளி, வழுதி, சென்னி, எழினி. இவர்களில் ஒருவரைக்கூட அன்று யாரும் பெண்ணென்று நினைத்திருக்க மாட்டார்கள். எழினி என்ற சொல்லுக்குத் திரைச்சீலை என்றும் பொருள் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூவகை மேடைத் திரைகள் வருகின்றன. உங்கள் மாமனாரிடம் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு மனநிறைவு தரும் என்றால், 'எழினியன்' என்று ஆண்பால் விகுதி சேர்த்துக்கொள்வதிலும் குற்றமில்லை.

இந்தக் கடிதத்தை முன்னிட்டு மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கப் பெயர் என்பதாலேயே எதையும் எடுத்துச் சூட்டிவிட முடியாது. ஆய் என்பவர் கடையெழு வள்ளல்களுள் ஒருவர். ஆனால் இன்று எந்தத் தாயும் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறாள் என்பது நமக்குத் தெரியும். அவருடைய முழுப்பெயரின் மற்றொரு பாதியான அண்டிரன் என்பதை வைக்கலாம். ஓரி என்பதற்கு நரி என்றும் பொருள் இருக்கிறது. பிசிராந்தையாரின் பெயரில் உள்ள ஆந்தை என்பது, ஆதனுக்குத் தந்தை என்பதன் மரூஉ. தொல்காப்பியமே இந்தப் புணர்ச்சியைச் சொல்கிறது. இருந்தாலும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு மரத்தில் அமரும் பறவைதான் நினைவுக்கு வரும். நட்புக்கு இலக்கணமாக வாழ்ந்த புலவரின் பெயர் என்று உங்கள் மகன் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

நன்னன் என்ற பெயரில் இன்னும் கவனம் வேண்டும். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற குற்றத்துக்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் ஒரு நன்னன். எண்பத்தொரு யானைகளும், அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் கேட்கவில்லை என்று பரணர் குறுந்தொகையில் பாடி, அந்தப் பழியை அழியாமல் நிறுத்திவிட்டார். மலைபடுகடாம் போற்றும் செங்கண்மாத்து நன்னன் சேய் நன்னனோ கூத்தரை வரவேற்று வாரி வழங்கியவன். அந்தப் பெயரை வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எந்த நன்னனை நினைத்து வைத்தீர்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

என் மகன் திருவாதிரை நட்சத்திரத்தில் பிறந்தான். கு, க, ங, ச ஆகிய எழுத்துகளில் தொடங்கும் பெயர் வைக்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அவன் பிறந்தது மூன்றாம் பாதம் என்பதால் 'ங' வருகிறது. 'ங' என்று தொடங்கும் பெயரே இல்லையே! மேலும், எண் கணிதப்படி ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக்கொள்ளவும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஈரோடு

பெயரின் முதலெழுத்தை நட்சத்திர பாதத்தோடு பொருத்தும் இந்த முறை அவகடச் சக்கரம் என்னும் சோதிட அட்டவணையிலிருந்து வருகிறது. அது வடமொழி எழுத்து வரிசையை வைத்து அமைக்கப்பட்டது. அங்கே க என்ற ஓசைக்கு நான்கு எழுத்துகள் உள்ளன, தமிழில் ஒன்றுதான். வடமொழியில் வெவ்வேறு நட்சத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்த எழுத்துகள் தமிழில் எழுதும்போது ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் ககரமே வருவது இதனால்தான். 'ங' தமிழில் தனித்து மொழிக்கு முதலில் வராது. அங்ஙனம், எங்ஙனம் என்று சுட்டோடும் வினாவோடும் ஒட்டி வருவதை மட்டுமே நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. எனவே நீங்கள் தேடியும் கிடைக்காததில் வியப்பில்லை.

நடைமுறையில், அந்தப் பாதத்துக்கு அதே நட்சத்திரத்தின் மற்ற எழுத்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் குடும்பத்தின் நம்பிக்கை கெடாமல் இருக்க இந்த வழியே போதும். கு என்று தொடங்க, மேலே சொன்ன குமணன் இருக்கிறான்; கீழடிப் பானை ஓட்டுக் குவிரன் இருக்கிறான்; சேரர் குடிப்பெயரான குட்டுவன் இருக்கிறான். க என்றால் கபிலன், கணியன். எழுத்தை விட்டு நட்சத்திரத்தையே பெயராக்க விரும்பினால், ஆதிரையான் என்ற பெயர் சிவபெருமானுக்கு உரியது. அதையே சுருக்கி ஆதிரன் என்று இன்று வைக்கிறார்கள். முதலாம் இராசேந்திர சோழன் பிறந்த நட்சத்திரமும் இதுவே என்பதால் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா எடுக்கிறார்கள் என்பதையும் உங்கள் மகனுக்குச் சொல்லி வளர்க்கலாம்.

எண் கணிதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கு இருந்தால் அது உங்கள் உரிமை. ஆனால் ஓர் எழுத்தைக் கூட்டியோ இரட்டித்தோ ஆங்கிலத்தில் எழுதுவதாக முடிவு செய்தால், பிறப்புச் சான்றிதழில் எழுதும் முதல் நாளிலேயே செய்துவிடுங்கள். சான்றிதழில் ஒன்று, ஆதார் அட்டையில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் ஒன்று என்று மூன்று விதமாக எழுதப்பட்ட பெயரோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரிச் சேர்க்கைக்கு முந்தைய வாரத்தில் கண் கலங்கி நின்ற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. என் மூத்த மகனுக்கு மகன் பிறந்திருக்கிறான். எங்கள் குடும்பத்தில் தலைப்பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். என் பெயர் பிச்சைமுத்து. அந்தப் பெயரை வைத்தால் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று மகனும் மருமகளும் மறுத்துவிட்டார்கள். என் பெயர் அவ்வளவு கேவலமானதா?
– ஒரு பெரியவர், விருத்தாசலம்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்று அதற்குப் பொருள். ஐங்குறுநூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. தலைவனின் மகன் முறுவலோடு சிறுதேர் உருட்டித் தளர்நடை நடந்து வருகிறான். அவனை 'அகன்பெருஞ் சிறப்பின் தந்தை பெயரன்' என்று புலவர் சொல்கிறார். தன் அப்பாவின் பெயர் தன் பிள்ளையின் உருவில் நடந்து வருவதைக் காணும் ஒரு மகனின் மகிழ்ச்சி அது. நீங்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

உங்கள் பெயர் கேவலமானதன்று. முன்பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்த பிள்ளையையாவது எமன் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும் என்று எண்ணி, மதிப்பில்லாதது போன்ற பெயரை அதற்கு இட்டாள். குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றாள். தவிட்டுக்கு விற்று வாங்குவதுபோலச் சடங்கு செய்து தவிடன் என்றாள். வீடு வீடாகப் பிச்சை வாங்கி, அந்தக் காசில் மூக்குக் குத்திப் பிச்சை என்றாள். இழிவாக ஒலிக்கும் அந்தப் பெயர்களுக்குள் இருப்பது, பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற வேண்டுதல்தான். உங்கள் தாயும் அப்படி ஒரு வேண்டுதலோடு வைத்திருக்கலாம். இதை உங்கள் மகனிடமும் மருமகளிடமும் நீங்களே சொல்லுங்கள். அவர்களுக்கு இது தெரியாமலேயே இருக்கக்கூடும்.

எனினும் பெயரின் முன்பாதி வகுப்பறையில் பிள்ளையை வருத்தும் என்ற அவர்களுடைய அச்சமும் உண்மையானது. இதற்கு நம் பழைய வழக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. கரூருக்கு அருகே புகளூரில் ஆறுநாட்டான் மலைக் குகையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு, சேரர் குடும்பத்தில் மூன்று தலைமுறையைச் சொல்கிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. அப்பாவும் மகனும் ஒரே பெயரைத் தாங்கி, 'பெரு', 'இள' என்ற அடைமொழியால் வேறுபடுகிறார்கள். குமணனின் தம்பி இளங்குமணன் என்று அழைக்கப்பட்டதும் இதே முறைதான். உங்கள் பேரனுக்கு இளமுத்து என்று வைக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பெயரின் பாதி அதில் இருக்கும். முத்துவுக்கு இளையவன் என்று அது உங்களையே சுட்டும். இக்காலத்தில் அரிய பெயராகவும் இருக்கும். மருமகளுக்கும் ஒரு வசதி உண்டு. மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்டக் கூடாது என்பதற்காக நம் வீட்டுப் பெண்கள் 'ராசா' என்றும் 'தம்பி' என்றும் அழைத்துச் சமாளித்து வந்தார்கள்; இளமுத்து என்றால் அந்தச் சங்கடம் பாதி குறைந்துவிடும்.

துபாயில் பணிபுரிகிறேன். ஊரில் பிள்ளை பிறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. பெயர் இன்னும் முடிவாகவில்லை. பதிவு செய்யக் காலம் கடந்துவிட்டதா? கடவுச்சீட்டு எடுக்கும்போது பெயரை எப்படி எழுதுவது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்திருந்தால் அவர்களே தகவல் கொடுத்திருப்பார்கள். பெயரை அப்போதே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டு வரை கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை காலதாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். எனவே அவசரப்பட்டு ஏதோ ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளதால், அதில் ஏறும் எழுத்துகளை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.

கடவுச்சீட்டில் இயற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம் வழக்கப்படி இரண்டாவதை வெறுமையாக விடுகிறவர்கள் உண்டு. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லப் போகிற நீங்கள் தந்தை பெயரை இரண்டாவது கட்டத்தில் எழுதிவிடுவது நல்லது. அப்படி எழுதினால் அயல்நாட்டில் சில வேளை மகனை உங்கள் பெயரால் அழைப்பார்கள் என்பதையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள்.

எங்கள் மகனுக்கு எழிலன் என்று வைக்க விருப்பம். இங்குள்ள பள்ளிகளில் ழகரத்தை ஒருவராலும் சொல்ல முடியாது என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். விட்டுவிடவா?
– ஒரு வாசகி, டொராண்டோ

விட வேண்டாம். ஆசிரியை முதல் வாரத்தில் பிழையாகத்தான் சொல்லுவார். உங்கள் மகன் இரண்டாம் வாரத்தில் திருத்துவான். தன் பெயரைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த பிள்ளை தன் மொழியின் ஓர் ஒலியைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறது. ஆனால் முதலில் நீங்களும் உங்கள் கணவரும் அதைச் சரியாக ஒலிக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டிலேயே 'எளிலன்' என்று அழைக்கப்படுமானால், ழகரம் இல்லாத பாரி, மாறன், நிலவன் போன்ற பெயர்களைத் தேர்ந்தெடுப்பதே நேர்மை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். என் பெயர் கிள்ளிவளவன். அப்பா ஆசையாக வைத்த பெயர். வகுப்பில் பையன்கள் "கிள்ளி, கிள்ளி" என்று சொல்லிக்கொண்டே கையைக் கிள்ளுகிறார்கள். வீட்டில் சொன்னால் அப்பா வருத்தப்படுவார். பெயரை மாற்ற முடியுமா அம்மா?
– ஒரு மாணவன், மதுரை

தம்பி, மாற்ற முடியும். நீ இன்னும் பதினெட்டு வயது நிரம்பாதவன் என்பதால் உன் பெற்றோர் விண்ணப்பித்துத் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வருவதற்கு முன் செய்தால் அலைச்சல் குறைவு. அதற்கு நீ அப்பாவிடம் பேசித்தான் ஆக வேண்டும். அவர் வருத்தப்படலாம், ஆனால் உன் கை சிவந்திருப்பது தெரியாமல் இருப்பது அவருக்கு அதைவிடப் பெரிய வருத்தம். கிள்ளுவதை நிறுத்த வேண்டிய பொறுப்பு உன் வகுப்பாசிரியருக்கு உண்டு. நீ பெயரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், நாளைக் காலையிலேயே அவரிடம் சொல்.

முடிவெடுக்கும் முன்பு உன் பெயருக்கு உரியவனைத் தெரிந்துகொள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற சோழ மன்னனைப் பற்றிப் புறநானூற்றில் பல பாடல்கள் உள்ளன. அவன் குற்றமே செய்யாதவன் என்று உன்னிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். பகைவனான மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடப் புறப்பட்டவன் அவன். அந்தப் பிள்ளைகள் யானையைக் கண்டு, அழுவதையும் மறந்து, கூடியிருந்த புதிய ஆட்களை மிரண்டு பார்த்தபடி நிற்கிறார்கள் என்று கோவூர் கிழார் அவன் முன்னே நின்று பாடினார். அந்தக் கிள்ளிவளவனே பாடிய பாட்டு ஒன்றும் புறநானூற்றில் இருக்கிறது. சிறுகுடியில் பண்ணன் என்று ஒருவன் இருந்தான். அவன் அரசன் அல்லன், வருவோர்க்கெல்லாம் சோறு போட்டவன். அவனைப் 'பசிப்பிணி மருத்துவன்' என்று அழைத்து, 'யான் வாழும் நாளும் பண்ணன் வாழிய' என்று, தன் ஆயுளையும் அவனுக்குக் கொடுத்துப் பாடினான் அந்த மன்னன். நூற்று எழுபத்து மூன்றாம் பாட்டு. உன் பள்ளி நூலகத்தில் புறநானூறு இருக்கும், எடுத்துப் படி. அப்பாவோடு சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. அவர் எதற்காக இந்தப் பெயரை வைத்தார் என்று அப்போது கேட்டுப் பார்.

இன்னொன்று. உன் பெயருக்கு இரண்டு பாதிகள் இருக்கின்றன. அந்தப் பையன்கள் ஒரு பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வளவன் என்பதும் சோழர் பெயரே. பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாற்றாமல், நாளை முதல் உன்னை வளவா என்று அழைக்கும்படி உன் நெருங்கிய நண்பன் ஒருவனிடம் கேள். ஒருவன் கூப்பிடத் தொடங்கினால் மற்றவர்கள் வாயிலும் அது ஏறிவிடும். ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடியும் எழுது, வளவா.